கடைத் திறப்புக்கு ஒரு குடும்பப் படம்

முதல் சாஃப்ட்வேரில் அவர் தலையை வெட்டிப் பார்த்தேன், சரியாக வெட்டவில்லை. கழுத்தைச் சுற்றி எலி கடித்த மாதிரிப் பிசிறு நின்றது, வலது காதில் பாதி பின்னாலிருந்த ஷட்டரோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. இது ஆகாது. இரண்டாவது, பட்டாம்பூச்சிப் படம் போட்டது, இலவசம் என்று பெரிய எழுத்தில் கூப்பிட்டு இறக்கச் சொன்னது, திறந்து பார்த்தால் பிளேடு போட்ட மாதிரி வெட்டியது, தாடை, காது, கிராப்பு எல்லாம் சுத்தமாக, ஆனால் வெட்டிய தலைக்குக் குறுக்கே தன் பெயரைச் சாம்பல் நிறத்தில் அச்சடித்துவிட்டது. காசு கட்டினால்தான் அந்தப் பெயர் போகுமாம். தலை தனியாகத் திரையில் கிடந்தது. சிரித்துக்கொண்டே கிடந்தது. கடைக்கு வருகிறவர்களுக்கென்று வைத்திருக்கிற சிரிப்பு. மவுஸால் அதைப் பிடித்து இழுத்துக் கீழே கொண்டுவந்தேன், படத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற என் காலடிக்கு, அங்கே வைத்துவிட்டுக் கையை எடுத்தேன். உள்ளறையில் அதே தலை குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கறிச்சோறு, ஃபேன், கதவு பாதி சாத்தி. கண் திரையில் இருந்தாலும் என் ஒரு காது அந்தக் குறட்டையில்தான் கட்டிக் கிடக்கிறது, எங்கே இழை அறுகிறது, எங்கே கட்டில் கிரீச்சிடுகிறது என்று. இத்தனை வருஷக் குடித்தனத்தில் நான் நன்றாகக் கற்றுக்கொண்டது அதைத்தான். பைக் வந்து நிற்கிற சத்தத்தில், செருப்பைக் கழற்றுகிற சத்தத்தில் அன்றைக்கு ராத்திரி எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுவேன். சேமிக்கவா என்று பெட்டி ஒன்று கேட்டது. வேண்டாம் என்றேன். தலை பழையபடி கழுத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

இது நானாக ஆரம்பித்த வேலை இல்லை, அவர் சொன்னதுதான். அவருடைய சீனிராஜ் பாத்திர மாளிகை எட்டயபுரம் ரோட்டில் இரண்டாவது கடை திறக்கிறது, அழைப்பிதழிலும் வாசலில் கட்டுகிற பேனரிலும் குடும்பப் படம் வேண்டும், குடும்பத்தோடு போட்டால்தான் கல்யாணச் சீர் வாங்குகிறவர்களுக்கு நம்பிக்கை வருமாம். போன வியாழக்கிழமை புதுக்கடை ஷட்டருக்கு முன்னால் நாற்காலி போட்டு என்னை உட்காரவைத்து, பின்னால் அவர் நின்று, பக்கத்தில் மகள் மிருதுளாவை நிறுத்தி, கடை ஆள் செல்போனில் எடுத்த படம். படத்தைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. "ஏட்டி செல்வி, இந்தத் தழும்பு முன்னால வந்து நிக்குதுல்லா. இத எடுக்கணும்" என்றார். ஸ்டூடியோவில் கொடுத்துவிடலாமே என்றேன். "ஸ்டூடியோக்காரன் கேப்பாம்லா, என்னது எப்படின்னு. ஊரு பூரா வெத்தல பாக்கு வைக்கணுமா? நீதான் கம்ப்யூட்டர் படிச்சவளாச்சே, வீட்டுலயே இருக்கு, கம்மி வெலையில ஒரு சாஃப்ட்வேரப் பாத்துப் போடு. ஞாயித்துக்கெழம சாயங்காலம் பிரஸ்ஸுக்கு அனுப்பணும்" என்றார். எடுக்கணும். ஒட்டடை எடுக்கணும் என்பது மாதிரி. இடது கண்ணுக்குக் கீழே, கன்னத்து எலும்பு மேல், பிறை மாதிரி வளைந்து, நடுவில் கொஞ்சம் மேடாக, தையல் போட்ட இடங்களில் சின்னச் சின்னக் கால்களோடு ஒரு பூரான் மாதிரி இருக்கிறது அது. போட்டவர் அவர், எடுக்கச் சொல்கிறவரும் அவர், எதை வைத்து எடுப்பது என்று தேர்ந்தெடுக்க வேண்டியது நான். இதை நினைத்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தம் வெளியே வராமல் சிரிக்க எனக்குத் தெரியும், அதையும் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுத்த ஜெபஸ்டின் தம்பிக்குச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே போன் பண்ணிக் கேட்டிருந்தேன். "அக்கா, பெரிய கம்பெனிக்காரன் சாஃப்ட்வேரு மாசாமாசம் கட்டணும், அதுவும் உங்க சிஸ்டத்துக்கு ராம் பத்தாது, தெறந்தாலே தொங்கிரும். க்ராக் பண்ணது என்ட்ட இருக்கு, ஆனா வைரஸ் வந்தா எம்மேல கோவப்படக் கூடாது. சும்மா கெடைக்கறதுலயே ரெண்டு மூணு நல்லா இருக்கு, போட்டுப் பாருங்க. என்ன வேல பண்ணணும்?" என்றான். "முகத்துல ஒரு தழும்பு, அத எடுக்கணும்" என்றேன். "யாருக்குக்கா?" என்றான். "ஒரு பொம்பளைக்கு" என்றேன். பில் போடுகிற சாஃப்ட்வேர் ஏற்ற வந்தபோது என் முகத்தைப் பார்த்துவிட்டு உடனே பார்வையைத் திருப்பிக்கொண்ட பையன் அவன். "எடுத்துரலாம்க்கா, இப்ப எல்லாத்தையும் எடுத்துரலாம்" என்றான், குரல் தணிந்து. எல்லாத்தையும். தழும்பு விழுந்த அன்றைக்கு அவர் கையில் இருந்தது தூக்குவாளி மூடி. கடையிலிருந்து வந்த புதுச் சரக்கு, விளிம்பு மழுங்காதது. சாம்பார் ஆறிப்போயிருந்தது, அல்லது நான் பதில் சொன்ன தொனி சரியில்லை, அல்லது கடையில் அன்றைக்கு யாரோ அவரை மதிக்கவில்லை, காரணம் எது என்று நானும் தேடிப் பார்த்திருக்கிறேன், தேடத் தேடக் காரணம் நழுவிக்கொண்டே போய்க் கடைசியில் மூடி மட்டும் நிற்கும், மின்னிக்கொண்டு, காற்றில் சுழன்றுகொண்டு. வலி பிறகுதான் வந்தது. முதலில் சூடு. பிறகு வாயில் உப்பு. தையல் போட்ட டாக்டர் நான் வாயைத் திறப்பதற்குள், "வழுக்கி விழுந்துட்டீங்களாம்மா?" என்று பொய்யை எனக்காக அவரே எடுத்து வைத்தார். அவர் பின்னால் நின்ற என் வீட்டுக்காரர், "பாத்ரூம் தரை ஸார், பாசி" என்றார். நான் தலையாட்டினேன். ஆட்டினபோது தையல் இழுத்தது.

சரி, தழும்பு. பட்டாம்பூச்சியில் படத்தைப் பெரிதாக்கி என் முகத்தைத் திரை முழுக்கக் கொண்டுவந்தேன். இவ்வளவு பெரிதாக என் முகத்தை நானே பார்த்ததில்லை. பிரஷ்ஷை எடுத்து மேலே ஒரு இழுப்பு, கன்னம் சேறாகக் குழம்பியது, ஒரு பக்கம் வழித்த கோலம் மாதிரி. ஆகாது. மூன்றாவதை இறக்கினேன், நீலச் சதுரம், முழுக்க இலவசம், பெயர் அச்சடிக்காது, ஆனால் திறக்கவே பொறுமை வேண்டும். அதில் தழும்பு மேல் ஒரு வட்டத்தை வைத்து ஒரே ஒரு சொடுக்கு. போய்விட்டது. பூரான் இருந்த இடத்தில் வெறும் கன்னம். நான் பயந்துபோனேன். நிஜமாகவே கை என் கன்னத்துக்குப் போனது, இருக்கிறதா என்று. இருக்கிறது, விரலுக்குக் கீழே மேடாக, கெட்டியாக. திரையில் இருப்பவளுக்கு எதுவும் நடக்கவில்லை. அவள் சாம்பாரைச் சூடாகப் பரிமாறினவள், தொனி சரியாக இருந்தவள், அவளுக்கு யாரும் எதையும் செய்ததில்லை. அவளைக் கொன்றுவிடலாம் என்று வந்தது எனக்கு. அவருக்கு முன்னால் இவளை. பழையபடி ஆக்கினேன், பூரான் திரும்பி வந்து உட்கார்ந்தது, மூச்சு வந்தது. பிறகு அதே வட்டத்தை அவர் வாய் மேல் வைத்துச் சொடுக்கினேன். வாய் இல்லை. கண்கள் மேல் வைத்தேன். கண்கள் இல்லை. வழவழவென்று முட்டை மாதிரி ஒரு முகம், கிராப்பு வைத்த முட்டை. உள்ளே குறட்டை ஏறி இறங்கியது. அடுப்படியில் கறி வெட்டின அரிவாள்மணை கழுவிச் சாய்த்து வைத்திருக்கிறது, காலையில் எலும்பைத் தட்டும்போதெல்லாம் நான் வேறொன்றைத்தான் தட்டினேன், தொண்டைக் குழியைத் தட்டினேன், அந்த மூடியைப் பிடித்த மணிக்கட்டைத் தட்டினேன், ரத்தம் சிங்க்கில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே மஞ்சள்தூளைப் போட்டுப் பிசைந்தேன். எல்லாப் பெண்களும் இப்படித்தான் சமைக்கிறார்களா? பக்கத்து வீட்டில், எதிர் வீட்டில், மிக்ஸி ஓடுகிற சத்தத்துக்குள்ளே? கேட்டால் யாரும் சொல்லமாட்டார்கள். நானும் சொல்லமாட்டேன். கண்ணையும் வாயையும் அவருக்குத் திருப்பிக் கொடுத்தேன். நீலச் சதுரம்தான் சரி, காசும் இல்லை, வேலையும் சுத்தம், தழும்பை எடுத்து, வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டி, பிரஸ்ஸுக்கு அனுப்பிவிட்டால் இந்த ஞாயிற்றுக்கிழமை சத்தமில்லாமல் கழிந்துவிடும்.

வெளிச்சத்தைக் கூட்டினேன். ஷட்டர் வெளுத்தது, என் சேலை வெளுத்தது, மிருதுளாவின் கை. இடது கை, தோளுக்குக் கீழே, சட்டைக் கை முடிகிற இடம். ஏதோ கறை. பெரிதாக்கினேன். நிழலாக இருக்கும். சட்டைக் கையின் நிழல். நிழல் என்றால் நேராக விழவேண்டும், இது வரிசையாக இருக்கிறது, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று, நான்கு, நீள நீளமாக, பக்கத்துக்குப் பக்கம் கொஞ்சம் இடைவெளி விட்டு. மலிவு சாஃப்ட்வேர், இப்படித்தான் இல்லாததைக் காட்டும். மூடினேன். பட்டாம்பூச்சியில் திறந்தேன். தன் பெயரைக் குறுக்கே அச்சடித்துவிட்டு, அந்தப் பெயரின் எழுத்துகளுக்கு நடுவில் அதே நான்கையும் காட்டியது. முதல் சாஃப்ட்வேரைத் திறந்தேன், பிசிறு பிசிறாக வெட்டுகிறதே, அதற்கு ஒன்றும் தெரியாது, அது மட்டமானது, அது பொய் சொல்லட்டும் என்று வேண்டிக்கொண்டே திறந்தேன். அதுவும் காட்டியது. எங்கள் நிறத்தில் கன்றல் வெளியே தெரியாது, இரண்டு நாள் போனால் எனக்கே என் முழங்கையில் எந்த இடம் என்று அழுத்திப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும், அது அவருக்கும் தெரியும். வெளிச்சத்தைக் கூட்டினால்தான் வரும். நான் கூட்டிவிட்டேன். மிருதுளாவிடம் முழுக்கை வைத்த செஸ் கிளப் பனியன் ஒன்று இருக்கிறது, போன வாரம் முழுக்க இந்த வெயிலில் அதையே போட்டுக்கொண்டிருந்தாள், கழற்று துவைக்கணும் என்றால் மாட்டேன் என்று அடம், செஸ்ஸின் மேல் அவ்வளவு பைத்தியம் என்று அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன், பெருமையாக, ஐயோ, பெருமையாகச் சொன்னேன். போட்டோவுக்குக் குட்டைக் கைச் சட்டையைப் போடச் சொன்னபோது அழுதாள். அவர் குனிந்து அவள் காதில் ஏதோ சொன்னார். அவள் உடனே போட்டுக்கொண்டாள். அப்பா சொன்னால் கேட்கிறாள் பார் என்று நினைத்தேன். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நான் விளாத்திகுளத்துக்கு அக்கா மகள் சடங்குக்குப் போயிருந்தேன், பரீட்சை இருக்கிறது என்று மிருதுளாவை விட்டுவிட்டு. அப்பாகூட இருந்துக்கறியா என்று கேட்டேன், பதிலுக்கு நிற்காமல், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன். என்னை அடிப்பது என்னோடு நின்றுவிடும் என்றுதான் நின்றேன். தண்ணீரை வாங்கிக்கொள்கிற பள்ளம் மாதிரி, எல்லாம் எனக்குள்ளே இறங்கிவிட்டால் அந்தப் பக்கம் போகாது என்று. யார் சொன்னது எனக்கு அப்படி? யாரும் சொல்லவில்லை. திரையில் என் விரலை வைத்துப் பார்த்தேன், அந்த நான்கின் மேல் என் நான்கு விரல். என் விரல் சிறிது. படத்தில் அந்தக் கைக்குச் சற்று மேலே, அவள் தோளில், அவருடைய கை பாசமாக ஊன்றியிருக்கிறது. அதே கை. அளவெடுக்கவே வேண்டாம்.

குறட்டை எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. முதல் தடவையாகத் தெரியவில்லை. "முடிஞ்சிட்டா?" என்ற குரல் என் பிடரிக்குப் பின்னால் கேட்டது. தூக்கத்தின் வாடை, கறியின் வாடை. நீலச் சதுரம் திறந்திருந்தது, என் முகத்தில் தழும்பை எடுத்து வைத்திருந்தேன், கை தானாகவே செய்திருந்தது. "நல்லா எடுத்திருக்கியே. கல்யாணத்துக்கு மொதநா பாத்த மாதிரியே இருக்க" என்றார், நிஜமாகவே சந்தோஷப்பட்டார், குரலில் ஒரு குழைவு இருந்தது, இந்தக் குழைவுக்காக எத்தனை நாள் நாயாகக் காத்துக் கிடந்திருக்கிறேன். "எவ்வளவு கேக்கான்?" என்றார். "சும்மாதான்" என்றேன். "கெட்டிக்காரிதான்." நான் மவுஸை நகர்த்தி மிருதுளாவின் கையைத் திரைக்குக் கொண்டுவந்தேன். "இது என்னது?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை, மளிகைக் கடையில் விலை கேட்கிற குரலாக இருந்தது. அவர் குனிந்து பார்த்தார். மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். ஊஞ்சலில் விழுந்தாள், பாத்ரூம் தரை, பாசி, எதையாவது சொல்லியிருந்தால், அவ்வளவு பயந்து போயிருந்த நான் அதைக்கூட நம்பியிருப்பேனோ என்னவோ. அவர் தாடையைச் சொறிந்தார். "கணக்கு வரலன்னா கோவம் வராதா? சும்மா புடிச்சேன், அதுக்குப் போயி" என்றார். பிறகு விரலை நீட்டித் திரையைத் தொட்டு, "அதையும் எடுத்துரு" என்றார்.

கீபோர்டு என் கையில் எப்படி வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பின்பக்கம் வயர் பிடுங்கிக்கொண்டு வந்தது மட்டும் தெரியும். நான் எழுந்து திரும்பின வேகத்தில் நாற்காலி அவர் முழங்காலில் இடித்து, அவர் குனிந்தார், குனிந்த முகத்தில் கீபோர்டின் விளிம்பு இறங்கியது. மூக்கில். ஈரக் குச்சி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். எழுத்துகள் தெறித்துத் தரையெல்லாம் சிதறின. இரண்டாவது அடி காதோடு சேர்த்து, மூன்றாவது தடுக்க வந்த கையில், அந்தக் கையில், விரல்களின் மேல், அந்த நான்கின் மேல், பிளாஸ்டிக் பிளந்து என் உள்ளங்கையைக் கிழித்தது, நான் விடவில்லை. கொன்றுவிடுவேன் என்று தெரிந்தது. இன்னும் இரண்டு அடி எடுத்து வைத்தால் அடுப்படி. அவன் உட்கார்ந்திருந்தான். ஆமாம், அவன். மூக்கிலிருந்து பனியனில் ஒழுகுவதைக் கையில் ஏந்திப் பார்த்துக்கொண்டு, "ஏட்டி... ஏட்டி..." என்றான். அவன் கண்ணில் இருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. நான் கண்ணாடியில் தினமும் பார்த்தது, அடுத்தது எப்போது வரும், எங்கிருந்து வரும் என்று. அது எனக்கு இனிக்கும் என்று நினைத்திருந்தேன். இனிக்கவில்லை. அவன் கண்ணில் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் எனக்கு இன்னும் வேண்டும் என்று ஆகிவிடும், அதுதான் இவனுக்கு ஆகிப்போனது என்று எங்கேயோ தட்டியது, கீபோர்டைக் கீழே போட்டேன். "எடுக்கமாட்டேன்" என்றேன். போட்டோ இருந்த பென்டிரைவை உருவி, செருப்பைப் போட்டு, கதவை வெளியே இழுத்துத் தாழ்ப்பாள் போட்டேன். உள்ளேயிருந்து அவன் என் பெயரைச் சொன்னான், முழுப் பெயரை, ஆவுடைச்செல்வி என்று, பத்திரிகையில் அச்சடிப்பது மாதிரி.

தெருவில் வெயில் அடித்தது. யாரும் ஓடிவரவில்லை, யாருக்கும் கேட்கவில்லை போல, அல்லது எப்போதும் கேட்பதுதானே என்று இருந்துவிட்டார்கள். மிருதுளாவுக்குச் செஸ் கற்றுக்கொடுக்கிற டீச்சர் வீடு அடுத்த தெரு, சாப்பிட்டதும் அங்கே போயிருந்தாள். வருவான். கதவை உடைத்துக்கொண்டு வருவான். போலீஸ் கூட்டிக்கொண்டு வருவான், மூக்கைக் காட்டுவான், அவன் மூக்கில் கட்டுப் போட்டால் ஊருக்கே தெரியும், வெளிச்சம் கூட்டத் தேவையில்லை. மகளிர் போலீஸ் ஸ்டேஷன் எந்தப் பக்கம்? பஸ் ஸ்டாண்டு தாண்டியா, இந்தப் பக்கமா? இத்தனை தடவை அதைத் தாண்டிப் போயிருக்கிறேன், ஒரு தடவையும் தலையைத் திருப்பிப் பார்த்ததில்லை, பார்த்ததை யாராவது பார்த்துவிட்டால் என்று. உள்ளங்கையை முந்தானையில் சுற்றிக்கொண்டேன். டீச்சர் வீட்டு ஹாலில் பிள்ளைகள் பலகைகளைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மிருதுளா என்னைப் பார்த்தாள். அவள் எப்போதும் செய்வதைச் செய்தாள், நான் இன்றுவரை கவனிக்காததை: முதலில் என் முகத்தைப் படித்தாள், பிறகு எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தாள். நான் கற்றுக்கொண்டதெல்லாம் இவளும் கற்றுக்கொண்டுவிட்டாள். டீச்சர் என் முந்தானையைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்கள், "என்னம்மா ரத்தம்?" என்றார்கள். வழுக்கி விழுந்த பொய் வாய் வரைக்கும் வந்தது. விழுங்கினேன். "வீட்டுக்காரர அடிச்சிட்டேன் டீச்சர். இவளப் புடிச்சிக் கன்னிப்போற மாதிரி நெரிச்சிருக்காரு. போலீஸ்ல எழுதிக் குடுக்கப் போறேன், எங்கூட வாரீகளா?" என்றேன். டீச்சர் மிருதுளாவைப் பார்த்தார்கள், அந்த முழுக்கைப் பனியனைப் பார்த்தார்கள், ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் வண்டிச் சாவியை எடுத்து வந்தார்கள். மிருதுளா எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றாள். "அப்பா வருவாங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள். "வரமாட்டாங்க" என்றேன். அது நிஜமா என்று எனக்குத் தெரியாது. அவள் என் முகத்தை இன்னொரு தடவை படித்தாள், அப்புறம் அங்கேயே, அத்தனை பேருக்கும் முன்னால், இடது கையை நீட்டி, பனியன் கையைத் தோள் வரைக்கும் சுருட்டி விட்டுக்கொண்டாள். "புழுங்குதும்மா" என்றாள்.